கவிதையைக் காதால் படிப்பது எப்படி? ஓசை உணர்வாகவும் காட்சியாகவும் மாறும் இடங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் எதுகை, மோனை, இயைபு மூன்றையும் நாம் கற்றது இரண்டு மதிப்பெண் வினாவுக்காக. பாட்டைக் கொடுப்பார்கள், இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சொற்களை எடுத்து எழுதுவோம், வேலை முடிந்தது. அந்த எதுகை அந்த இடத்தில் ஏன் வந்தது, அதை எடுத்துவிட்டால் பாட்டில் எது குறைந்துபோகும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். எனக்கு அப்படிக் கேட்ட ஓர் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பில் வாய்த்தார். அவர் பாட்டை விளக்குவதற்கு முன்னால் இரண்டு முறை சத்தமாகப் படிப்பார். பிறகு, "வாய் என்ன செய்தது என்று கவனித்தீர்களா?" என்பார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "வல்லினம் வந்தால் கோபம், மெல்லினம் வந்தால் மென்மை" என்று ஒரு வாய்பாடு பரவலாக இருக்கிறது. அது பாதி தூரம்தான் வரும். ஓசைக்குத் தனியாகப் பொருள் கிடையாது. சொல்லின் பொருளோடு அது கைகோக்கும்போதோ, அந்தப் பொருளோடு மோதும்போதோதான் கவிதையில் ஏதோ நடக்கிறது. ஆகவே நாம் தேட வேண்டியது எந்த எழுத்து அதிகமாக வந்திருக்கிறது என்பதை மட்டும் அல்ல. ஓசை எந்த இடத்தில் திரும்புகிறது, எந்த இடத்தில் பொருள் திரும்பியும் ஓசை திரும்பாமல் நிற்கிறது என்பதை.

ஒரு பென்சில், பாட்டை இடம்விட்டு எழுதிய ஒரு தாள், கூச்சமில்லாமல் சத்தமாகப் படிக்க ஒரு மூலை. இவை போதும். சங்கப் பாடலானால் பொருளை உரை பார்த்து முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் ஆராய்வது வீண் வேலை.

முதல் படி: மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள்

முதல் முறை சொற்களைப் பிரித்து, பேசுவதுபோல். இரண்டாம் முறை சீர் பிரித்து, பாட்டின் நடைக்கு ஏற்ப. மூன்றாம் முறை மிக மெதுவாக, உதடும் நாவும் மூச்சும் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டு.

மூன்றாவது வாசிப்புக்குப் பழக ஒரு சிறு சோதனை. மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு "மனம்" என்று சொல்லிப் பாருங்கள். சொல் அடைபட்டுத் திணறும். அப்படியே பிடித்துக்கொண்டு "பட்டு" என்று சொல்லுங்கள். தடையின்றி வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மெல்லினத்துக்கு மூக்கையும் வல்லினத்துக்கு மார்பையும் இடையினத்துக்குக் கழுத்தையும் பிறப்பிடமாகச் சொன்னார். மனப்பாடம் செய்த அந்த நூற்பா உங்கள் விரலுக்கு அடியிலேயே இருக்கிறது.

அடுத்து உதடுகள். திருக்குறளில் துறவு அதிகாரத்தின் முதல் குறளைச் சொல்லுங்கள்:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

முழுக் குறளையும் சொல்லி முடிக்கும்வரை உதடுகள் ஒருமுறைகூட ஒட்டுவதில்லை. எதிலிருந்தெல்லாம் விலகுகிறோமோ அதனால் துன்பமில்லை என்கிறது பொருள்; வாயும் எதையும் தொடாமல் விலகியே நிற்கிறது. இப்போது அதே அதிகாரத்தின் கடைசிக் குறள்:

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

"பற்று" ஆறு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் உதடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுதான் பிரிகின்றன. "விடற்கு" என்ற கடைசிச் சொல்லில் அந்தப் பிடி நழுவுகிறது. இந்த இரண்டு குறளையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தவருக்கு, ஓசையும் பொருளும் கைகோப்பது என்றால் என்னவென்று வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பென்சிலால் குறியிடுங்கள்

வல்லினம் இரட்டித்து வரும் இடங்களுக்கு (க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற) கீழே கோடு. மெல்லினம் செறிந்த சொற்களைச் சுற்றி வட்டம். நெடிலுக்கு மேலே சிறு கோடு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, அளபெடைக்கு ("ஆஅ" என்பதுபோல் நீட்டி ஒலிக்கும் நெடிலுக்கு) மூன்று. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். அதே நூலின் செய்யுளியலில் இருபது வகை வண்ணங்கள், அதாவது பாட்டின் ஓசை நடைகள், சொல்லப்படுகின்றன. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், நெட்டெழுத்துப் பயின்றால் நெடுஞ்சீர் வண்ணம், குற்றெழுத்துப் பயின்றால் குறுஞ்சீர் வண்ணம் என்று பட்டியல் நீளும். பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. இவ்வளவு நுணுக்கமாகக் காது கொடுத்த மரபு நம்முடையது என்பது தெரிந்தால் போதும்.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். குறுந்தொகையிலிருந்து இரண்டு பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நள்ளிரவு. இரண்டிலும் காதலனைப் பிரிந்த ஒரு பெண் தூங்காமல் இருக்கிறாள். மற்றவர்கள் தூங்குகிறார்கள். முதலாவது ஔவையார் பாடிய 28ஆம் பாட்டு:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானும்ஓர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பஎன்
உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே.

முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு ஆ என்றும் ஒல் என்றும் கூவிவிடுவேனா? சுழன்று வரும் காற்று என்னை அலைக்கழிக்க, என் நோயை அறியாமல் தூங்குகிறதே இந்த ஊர்!

முட்டு, தாக்கு, பெற்றி, மேலிட்டு. முதல் இரண்டு அடிகளிலேயே நான்கு இடங்களில் வல்லினம் இரட்டிக்கிறது. இரட்டித்த வல்லினத்தில் மூச்சு ஒரு கணம் அடைபட்டுப் பிறகு உடைந்து வெளியே வரும். சுவரில் முட்டுவதும் அதுதானே. மூன்றாம் அடியில் அந்த அடைப்பு திறந்துகொள்கிறது. "ஆஅ" என்று மூன்று மாத்திரைக்கு வாய் அகலத் திறந்தே நிற்கிறது. "அலறினாள்" என்று புலவர் சொல்லியிருந்தால் அது செய்தி. இங்கே பாட்டைப் படிக்கிற நம் வாயே அலற வேண்டியிருக்கிறது.

நான்காம் அடியைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள்: அலமரல் அசைவளி அலைப்ப. மூன்று சொல்லும் அகரத்தில் தொடங்குகின்றன. ல, ம, ர, வ, ள என்று நாவு ஓரிடத்தில் நிற்காமல் உருள்கிறது. நடுவில் வரும் ஐகாரம்கூடக் குறுகித்தான் ஒலிக்கும், ஆகவே நீண்டு நிற்க இடமே இல்லை. காற்று சுழல்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நாவில் உணர்ந்துவிடுகிறோம். கடைசியில் "துஞ்சும் ஊர்க்கே". மெல்லினத்தில் குழைந்து "துஞ்சும்" என்று உதடு மூடிக்கொள்ள, "ஊர்க்கே" என்று நெடில்கள் நீள்கின்றன. முதல் அடியில் ஓங்கிய கை எதன்மேல் விழ இருந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அவ்வளவு வன்மையும் போய் மோதப்போவது மெத்தென்று தூங்கும் ஓர் ஊரின்மேல்.

இனி பதுமனார் பாடிய 6ஆம் பாட்டு:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

நள்ளிரவு "நள்" என்று ஒலிக்கிறது. பேச்சு அவிந்து மக்கள் இனிதாக அடங்கிவிட்டார்கள். அகன்ற உலகமும் வெறுப்பின்றித் தூங்குகிறது. நான் ஒருத்திதான் தூங்காமல் இருக்கிறேன்.

இதிலும் கோடு போட்டுப் பாருங்கள். வல்லினம் இரட்டிக்கும் சொல் "மாக்கள்" ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் ந, ன, ம, ல. "இனி", "முனி", "நன" என்று னகரம் அடிக்கு அடி மூக்கிலேயே முணுமுணுக்கிறது. நடுச்சாமத்தின் நிசப்தத்துக்கே தமிழ் "நள்" என்று ஓர் ஓசை கொடுத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லாத இரவில் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்குமே, அதுதான். பிறகு ஓசையின் திருப்பம் ஒரே எழுத்தில் வருகிறது. துஞ்சும், துஞ்சாதேனே. "சு" குறில், "சா" நெடில். அந்த ஒரு நெடிலிலிருந்து "தே", "னே" என்று மேலும் இரண்டு நெடில்கள் தொடர்கின்றன. தூக்கம் வராதவளின் இரவு அந்த மூன்று நெடிலின் நீளம்.

ஒரே சூழல், ஒரே நோய். ஒருத்தி கத்த வேண்டும் போலிருக்கிறாள், இன்னொருத்தி அடங்கிக் கிடக்கிறாள். இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் ஓசைதான் நமக்குச் சொல்லியது. நீங்களாக ஓசை பழகும்போதும் இப்படி ஒரே சூழலைப் பாடும் இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

மூன்றாம் படி: எதுகை எதை எதோடு கட்டுகிறது?

எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்ற பாதி பலருக்கு மறந்துபோகிறது. அந்தப் பாதியில்தான் இசை இருக்கிறது. ஐந்தாம் திருமுறையில் திருநாவுக்கரசர் பாடல்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.

மா, வீ, மூ, ஈ. நான்கு அடியும் நெடிலில் திறக்கின்றன, நான்கிலும் அடுத்து வருவது சகரம். உயிருக்கு நடுவே வரும் சகரத்தில் காற்று பல்லிடுக்கில் மெல்ல நழுவும். ஆகவே ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஒரு மூச்சுக்காற்று வீசுகிறது. சுண்ணாம்புக் காளவாயில் இடப்பட்டபோது பாடியது என்று பெரிய புராணம் சொல்வதை நினைத்துக்கொண்டு மறுபடியும் படியுங்கள். அனலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று ஒவ்வொரு புலனையும் குளிர்வித்து, அத்தனையையும் எதுகை என்ற ஒற்றைக் கயிற்றால் "ஈசன்" என்ற சொல்லோடு கொண்டுபோய்க் கட்டுகிறது பாட்டு. எதுகைச் சொற்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால் பாட்டின் கருத்து கிடைத்துவிடும்: மாசில், வீசு, மூசு, ஈசன். நல்ல பாட்டுகள் பலவற்றில் இந்தச் சோதனை பலிக்கும். பலிக்காத இடத்தில் எதுகை வெறும் ஒட்டுவேலையாகத்தான் இருக்கும்.

இப்போது வாய்பாட்டை உடைக்கும் பாட்டுக்கு வருவோம். கம்பராமாயணம் ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை அழகிய பெண்ணாக உருமாறி இராமனை நோக்கி வருகிறாள்:

பஞ்சிஒளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சம்நிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொல்இள மஞ்ஞைஎன அன்னம்என மின்னும்
வஞ்சிஎன நஞ்சம்என வஞ்சமகள் வந்தாள்.

பஞ்சி, விஞ்சு, செஞ்செவிய, கஞ்சம், அஞ்சொல், வஞ்சி, நஞ்சம், வஞ்சம். "ஞ்ச" எட்டு முறை, நடுவில் "மஞ்ஞை" வேறு. கொலுசு கட்டிய கால் தரையில் பதிந்து எழும் நடை காதில் கேட்கிறது. செம்பஞ்சுக் குழம்பு, தளிர், தாமரை, மயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று இனிமைமேல் இனிமை. ஓசைக்கு நாம் முழுதாகப் பழகிவிட்ட நேரத்தில், அதே ஓசையோடு "நஞ்சம்" வருகிறது.

கவனியுங்கள், ஓசை மாறவே இல்லை. வஞ்சியும் நஞ்சமும் வஞ்சமும் ஒரே குரலில், ஒரே கொஞ்சலில் வருகின்றன. பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. கம்பர் இங்கே வல்லினத்தைப் போட்டு நம்மை எச்சரித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் வேடம் அங்கேயே கலைந்திருக்கும். சூர்ப்பணகை உருவத்தால் போட்ட வேடத்தைப் பாட்டு ஓசையால் போடுகிறது. மெல்லினம் என்றால் மென்மை என்று நம்பியவர்கள் எல்லாம் இந்த நான்காம் அடியில் ஏமாந்துபோகிறோம்; ஏமாற வேண்டும் என்பதற்காகத்தான் பாட்டே.

மோனையையும் இயைபையும் இதே கேள்வியோடு அணுகலாம், தனியாக விரிக்கத் தேவையில்லை. மோனை (முதல் எழுத்து ஒன்றுவது) அடியைத் தொடக்கத்திலிருந்து உந்தித் தள்ளும், இயைபு (இறுதி ஒன்றுவது) முடிவில் நிறுத்தும். எதை உந்துகிறது, எதன்மேல் நிறுத்துகிறது என்று மட்டும் பாருங்கள்.

நான்காம் படி: ஒலிக்குறிப்புச் சொற்களைத் தனியாக எடுத்து வையுங்கள்

பாரதியாரின் "மழை" பாட்டில் வானமே ஆடுகளமாகிறது:

திக்குகள் எட்டும் சிதறி - தக்கத்
தீம்தரிகிட தீம்தரிகிட தீம்தரிகிட தீம்தரிகிட

இடியின் சத்தத்தை அப்படியே எழுத முயன்றிருந்தால் "டமார்" என்று நின்றிருக்கும். பாரதி மிருதங்கச் சொற்கட்டைக் கொண்டுவந்து போட்டதால் இடியோடு ஒரு தாளமும் அந்தத் தாளத்துக்கு ஆடும் ஓர் உருவமும் சேர்ந்து கிடைக்கின்றன. அச்சம் அங்கே களிப்பாக மாறிவிடுகிறது. "அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்" பாட்டின் முடிவில் வரும் "தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்" செய்வதும் இதுதான். காடு வெந்து தணிந்த பிறகு சொல்லுக்கு வேலை இல்லை, தீ கூத்தாடுகிறது.

இதைவிட நுட்பமான செல்வம் ஒன்று நம் அன்றாடப் பேச்சிலேயே கிடக்கிறது. சலசல, கலகல, மடமட எல்லாம் காதில் கேட்கும் ஓசைகள். ஆனால் பளபள? மினுமினு? ஒளிக்கு ஏது சத்தம்? வழவழ, சொரசொர என்பவை தொடு உணர்வு. கமகம என்பது மணம். புண் விண்விண் என்று தெறிக்கிறது. காதுக்கு எட்டாததையெல்லாம் காதுக்குக் கொண்டுவரும் வித்தை இது. தொல்காப்பியர் உரிச்சொல்லைப் பற்றிப் பேசும்போது இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றாகச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு: பளபள, மினுமினு, தகதக. மூன்றும் ஒளிதான். புதிதாகத் துலக்கிய பித்தளைக் குடம் எது, தொலைவிலிருக்கும் விண்மீன் எது, அந்திச் சூரியன் பட்ட கோபுரக் கலசம் எது என்று சொல்லிப் பாருங்கள். ஏன் "குடம் மினுமினுத்தது" என்றால் ஒப்பவில்லை? மகரமும் னகரமும் இகர உகரமும் சேர்ந்து வாயைக் குறுக்கிவிடுகின்றன. சிறிய, நடுங்கும் ஒளிக்குத்தான் அது பொருந்தும். "பளபள" என்னும்போது வாய் விரிகிறது, ஒளியும் விரிகிறது.

ஐந்தாம் படி: மிகச் சிறிய மாற்றத்தைத் தேடுங்கள்

ஆரவாரமான ஓசைகளைக் கண்டுபிடிப்பது எளிது. காது தேறியதா என்று தெரிந்துகொள்ள, புறநானூற்றில் 112ஆம் பாட்டைப் படியுங்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையே மாறியவை இரண்டு எழுத்துகள் மட்டும். அகரம் இகரமானது. அற்றை, இற்றை, அவ்வெண், இவ்வெண். அகரம் சேய்மையைச் சுட்டும், இகரம் அண்மையைச் சுட்டும். இது நாம் பேசக் கற்ற நாளிலிருந்தே தெரிந்தது. அதே நிலா, அதே ஓசைக்கோப்பு, அதே அடி. ஒரு மாதம் நகர்ந்திருக்கிறது. அகரத்துக்குத் திறந்த வாய் இகரத்துக்குச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்குள் ஒரு தந்தையும் ஒரு மலையும் போய்விட்டன. "உடையேம்" இருந்த இடத்தில் "இலமே". நான் இந்தப் பாட்டைச் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் மூன்றாம் அடி தொடங்கும்போதே குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

ஆறாம் படி: நீங்கள் எழுதும்போது

முதலில் ஓசையை மறந்துவிட்டு ஒரு நேரான வாக்கியம் எழுதுங்கள். "இரவு முழுவதும் மழை பெய்தது, தூக்கம் வரவில்லை." இப்போது மழை எதன்மேல் பெய்கிறது என்று முடிவு செய்யுங்கள். தகரக் கூரையா?

தட்டியது மழை, தகரத்தைத் தட்டியது,
விட்டுவிட்டுத் தட்டியது
திறக்க ஆளில்லாத வீட்டை.

அல்லது தென்னங்கீற்றா?

கீற்றின் நுனியில்
நின்று நின்று இறங்கியது மழை,
விளக்கணைத்த பின்னும்
யாரோ விழித்திருப்பதுபோல.

இவை பெரிய கவிதைகள் அல்ல, பயிற்சி வரிகள். ஆனால் முதலாவதில் ட்டகரம் பதற்றத்தைக் கொண்டுவந்ததையும், இரண்டாவதில் "நின்று நின்று" என்ற அடுக்கு துளி திரண்டு நிற்கும் நேரத்தைக் கொடுத்ததையும் உணர முடியும். புதுக்கவிதைக்கு யாப்பு இல்லை என்பதால் ஓசை வேண்டாம் என்று ஆகாது. அடி முறியும் இடத்தின் மௌனமும் ஓசைதான்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்ல வேண்டும். "மெல்லிய மழையில் மேனி மயங்கி மௌனம் மலர்ந்தது." ஆறு சொல்லும் மகரம். கண்ணில் ஏதாவது தெரிகிறதா? எந்த மழை, யாருடைய மேனி? ஓசையைத் தேடிப்போய்ச் சொல்லைப் பிடித்தால் இப்படித்தான் ஆகும். காட்சி முதலில் இருக்கட்டும். அந்தக் காட்சியில் எது மோதுகிறது, எது நழுவுகிறது, எது நின்றுவிடுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் ஓசையைக் கொடுங்கள். மற்ற வரிகள் சாதாரணமாகவே நடக்கட்டும்.

எழுதி முடித்த பிறகு நீங்கள் படிக்காதீர்கள். உங்கள் வாய் ஏற்கெனவே பழகிவிட்டது. வீட்டில் வேறு யாரிடமாவது தாளைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பென்சிலோடு எதிரே உட்காருங்கள். அவர் குரல் தயங்கும் இடம், வேகமெடுக்கும் இடம், தானாகத் தாழும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தயங்க வைக்க நினைத்த இடத்தில் அவர் தயங்கவில்லை என்றால், அந்த வரியை மறுபடியும் எழுதுங்கள்.